ஜெனரேற்றர் கோஷ்டி

சரோஜினிதேவியின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரை அமைதியான மனுசி என்றார்கள். அது பிழை. அவர் கோபக்காரி. கண்ட கண்ட இடத்தில் கோபத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தபடியால் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலரில் ஒருவர் தில்லைநாதன் மாஸ்ரர். அவர் செத்தவீட்டுக்கு வரவில்லை.

கணவர் நவரத்தினம் காலமான பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சரோஜினிதேவி குடியிருந்தார். வேலை கொட்டாஞ்சேனையில். மிஷன் ஒன்று நடத்திய தொழிற்பயிற்சி நிலையத்தில் எழுதுவினைஞர். தையல், தச்சு, மோட்டார், மின்னியல் என்று அங்கே நாலு பிரிவுகள். படிப்பு ஏறாத பிள்ளைகள் போகும் இடம் என்று வெளியே பேச்சு. அப்படியில்லை என்று சரோஜினிதேவிக்குத் தெரியும். சேர வருகிறவர்களின் சான்றிதழ்களை வாங்கிப் பார்ப்பவர் அவர்தான். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேராவது கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி எடுத்துவிட்டு, வயர் இழுக்கப் பழக வந்து நிற்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக உயர்தரம் படிப்பது என்றால் இரண்டு வருடம் வீட்டுக்கு ஒரு சதமும் வராது. நிலையத்தில் பயிற்சிப் படியாவது கிடைக்கும். அவ்வளவுதான் காரணம்.

இமெல்டா அப்படி வந்தவள். கொச்சிக்கடையில் வீடு. தகப்பன் பேதுரு துறைமுகக் களஞ்சியத்தில் நாட்டாமை வேலை, மூட்டை தூக்குவது. இவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை ஏன் இங்கே கூட்டிவந்தீர்கள் என்று சரோஜினிதேவி கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டார். பேதுரு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மூள இருக்குனு எனக்குத் தெரியும் மிஸ். அத வச்சு ரெண்டு வருசம் நான் என்னத்த ஆக்கிப் போட?”

அன்றைக்கு இமெல்டாவை மின்னியல் பிரிவில் பதிந்துவிட்டுச் சரோஜினிதேவி ஒரு முடிவு எடுத்தார். பயிற்சியும் நடக்கட்டும், படியும் கிடைக்கட்டும், உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும். இமெல்டாவோடு அதே பிரிவில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகு இருந்து படிக்க நிலையத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் பௌதிகமும் தெரியாது, இரசாயனமும் தெரியாது. ஆனால் வெள்ளவத்தையைத் தெரியும். அங்கே பரீட்சை முடிந்த கையோடு ரியூட்டரிகள் என்ற தனியார் வகுப்புகளில் கொடுத்த அச்சுத் தாள்களைக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவார்கள். பேப்பர்காரன் வருவதற்கு முதல் சரோஜினிதேவி வருவார். அந்தத் தாள்கள் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போகும்.

தாள் மட்டும் போதாது. பிரயோக கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் வகுப்பு வேண்டியிருந்தது. இரண்டையும் தில்லைநாதன் மாஸ்ரர் சரோஜினிதேவியின் ஒழுங்கையிலேயே படிப்பித்தார். ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளம் முழுக்க வாங்குகள் போட்டு நடத்திய ரியூட்டரி. நல்ல படிப்பித்தல். அதைச் சரோஜினிதேவி ஒருநாளும் மறுக்கவில்லை. ஊரில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வளவு. அவர் ‘அக்கா’ என்று கூப்பிடுவார், இவர் ‘தம்பி’ என்பார். அந்த உரிமையில் போய் மூன்று பிள்ளைகளுக்கு ஃப்ரீ கார்ட் கேட்டார்.

ஃப்ரீ கார்ட் என்பது ரியூட்டரிகள் காசு வாங்காமல் கொடுக்கும் வகுப்பு அனுமதி. அது ஏழைப் பிள்ளைகளுக்கு என்று சரோஜினிதேவி அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். பெரிய பள்ளிக்கூடங்களில் முதலாவதாக வரும் பிள்ளைகளை இழுப்பதற்கான வழி அது என்று மாஸ்ரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பைத் தேடி இன்னும் ஐம்பது பேர் காசோடு வருவார்கள்.

“உங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடப் பேர் இல்லையே அக்கா. ஃப்ரீ கார்ட் சும்மா குடுக்கிறதில்லை.”

இலவசமாகக் கொடுப்பதைச் சும்மா கொடுப்பதில்லை என்று ஒரு மனிதன் முகம் மாறாமல் சொன்னதைச் சரோஜினிதேவி வீட்டில் பல வருடங்களாகச் சொல்லிக் காட்டினார். டொக்டர்மாரின் பிள்ளைகள் காசு கட்டாமல் வகுப்பில் இருந்தார்கள். நாட்டாமையின் பிள்ளை காசு கட்ட வேண்டியிருந்தது. கணக்கு அப்படி. கணக்கு மாஸ்ரர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுவதும் மின்வெட்டு வந்தது. பின்னேர வகுப்புகள் இருட்டில் கிடந்தன. பரீட்சை ஓகஸ்ட்டில். மாஸ்ரர் எங்கேயோ ஒரு பழைய ஜெனரேற்றரை வாங்கிப் போட்டார். கட்டிடத்தின் வயரிங் இன்னும் பழசு. வெளி மின்சாரத்திலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றிப் போடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லை, ஏர்த் ஒழுங்கில்லை, நாலு மின்விசிறியை ஒன்றாகப் போட்டால் இயந்திரம் மூச்சுவிடாமல் நின்றுவிடும். எலக்ரீசியன்மார் அந்த நாட்களில் கூப்பிட்ட வீடுகளுக்கே வரமுடியாமல் ஓடித் திரிந்தார்கள்.

சரோஜினிதேவி இரண்டாம் தரம் போனார். வயரிங்கைத் திருத்தித் தருகிறோம், மின்வெட்டு நேரத்தில் ஜெனரேற்றரையும் பார்த்துக்கொள்கிறோம், பதிலுக்கு மூன்று பிள்ளைகளும் வகுப்பில் இருக்க வேண்டும் என்றார். மாஸ்ரர் உடனே சம்மதித்தார். கார்ட் எப்போது எழுதுவீர்கள் என்று சரோஜினிதேவி கேட்டார்.

“கார்ட் எண்டால் கணக்கில ஏறும், பிறகு மற்றவை கேள்வி கேப்பினம். சும்மா வந்து இருக்கட்டும் அக்கா. எங்களுக்குள்ள என்ன கடதாசி?”

அலுவலகத்தில் முத்திரை இல்லாத ஒரு துண்டைக்கூட வாங்காத மனுசி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தார். ஊரவரிடம் எழுத்தில் கேட்பது அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். யாழ்ப்பாணத்து மனிதர் சண்டைக்குப் போவார்களே தவிர அதைச் செய்ய மாட்டார்கள்.

வயரிங் வேலை ஒரு சனி ஞாயிறில் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று பேரும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் கடைசி வாங்கில் இருக்கலாம். மின்வெட்டு வந்தால் ஒருவர் பின்பக்க ஓடைக்குள், சுவருக்கும் மதிலுக்கும் இடையிலான ஒடுங்கிய வழியில், ஜெனரேற்றரோடு இருக்க வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும், சுமை கூடினால் ஒரு விசிறியை நிறுத்த வேண்டும். மின்வெட்டு வராத பின்னேரம் குறைவு. அந்த இரைச்சலுக்குள் யன்னலால் வருகிற பாதிச் சொல்லை வைத்துத்தான் சுழற்சி இயக்கம் படித்தார்கள். மற்றப் பிள்ளைகள் அவர்களுக்கு ஜெனரேற்றர் கோஷ்டி என்று பேர் வைத்தார்கள். லைற் மங்கினால், “கோஷ்டி நித்திரை போல” என்று முன்வாங்கிலிருந்து ஒருவன் சொல்வான். வகுப்பே சிரிக்கும். மாஸ்ரரும் சிரிப்பார். பிறகு தாள் கட்டுகளைச் சுமப்பதும் கூட்டுவதும் கோஷ்டியின் வேலையாகிவிட்டன. மற்ற இரண்டு பேரும் யூன் மாதத்தோடு நின்றுவிட்டார்கள்.

இமெல்டா நிற்கவில்லை. தெஹிவளையிலிருந்து வரும் ஷபீகா என்ற பிள்ளை, காசு கட்டிப் படிப்பவள், வகுப்பு முடிந்ததும் ஓடைக்குள் வந்து இமெல்டாவுக்குத் தவறிப்போன பகுதியைச் சொல்லிக் கொடுப்பாள். கணக்கில் எங்கேயாவது தான் சறுக்கினால் இமெல்டாவிடம் கேட்பாள். இருவருக்கும் இது சரியாக ஒத்துப்போயிற்று.

யூலை மாதக் கடைசியில் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போன சனங்கள் செத்தார்கள். அடுத்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு, பஸ்ஸை மறித்து இறக்கிச் சோதனை. பெற்றோர் பிள்ளைகளைக் கையில் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவந்தார்கள். இமெல்டாவைக் கூட்டிவர யாரும் இல்லை. ஒரு பின்னேரம் அவள் திரும்பிப் போகும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மின்னோட்டம் பார்க்கும் மீற்றர், ஈயச் சுருள், வயர்த் துண்டுகள், பௌதிகத் தாள்கள். அடையாள அட்டையில் இமெல்டாவுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெயர். எங்கிருந்து வருகிறாய் என்றார்கள். ரியூஷனிலிருந்து என்றாள். கார்ட் எங்கே என்றார்கள்.

கார்ட் இல்லை.

அடுத்த நாள் காலையில் பேதுரு நிலைய வாசலில் நின்றார். பிள்ளை இரவு முழுக்கப் பொலிஸில் என்றார். சரோஜினிதேவி நிலையத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து, பணிப்பாளரான பாதிரியாரின் கையொப்பம் வாங்கி, பேதுருவோடு பொலிஸுக்குப் போனார். அந்தக் கடிதம் இமெல்டா மின்னியல் கற்ற பிள்ளை என்று உறுதிப்படுத்தியது. அவர்களுடைய சந்தேகமே அதுதான். பொறுப்பதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு முன்னைவிடக் கவலைப்பட்டார். பேதுரு பரீட்சை அனுமதி அட்டையைக் காட்டினார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயரிங் பழகுகிறவள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பரீட்சை எழுதுவாளா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே நம்ப முடியாமல் கேட்டார். அந்தக் கேள்விதான் சரோஜினிதேவியை எரித்தது. சிங்கள அதிகாரிக்கும் தமிழ் மாஸ்ரருக்கும் இடையில் முழு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இந்த ஒரு விடயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

“பந்தியென் லியுமக் கேன்ன,” என்றார் அதிகாரி. வகுப்பிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவா. கொண்டுவந்தால் விடலாம். வராவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும். மேலிடம் என்றால் மாதக்கணக்கு. பரீட்சை அடுத்த கிழமை.

சரோஜினிதேவி நேரே தில்லைநாதன் மாஸ்ரரிடம் போனார். அவர் வாசலில் வைத்தே கதைத்தார்.

“என்ர ரெஜிஸ்ரரில அந்தப் பேர் இல்லை அக்கா.”

“நீங்கள்தானே தம்பி எழுத வேண்டாம் எண்டனீங்கள்.”

“நான் கடிதம் குடுத்தால் நாளைக்கு இங்க வருவாங்கள். ஜெனரேற்றரைப் பாப்பாங்கள், வயரைப் பாப்பாங்கள், எல்லாரையும் ஏத்துவாங்கள். எனக்கு இத்தனை பிள்ளையள் இருக்கு.”

பயம் நியாயமானது. அந்த மாதம் வெள்ளவத்தையில் பயப்படாத தமிழர் இல்லை. அவர் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் சரோஜினிதேவி அழுதுவிட்டுப் போயிருப்பார், மன்னித்தும் இருப்பார். அவர் நிறுத்தவில்லை.

“அதோட அக்கா, வயர் பூட்டுற பிள்ளைக்கு ஏன் இந்த ஆசை? பேசாமல் வேலைக்குப் போயிருந்தால் இண்டைக்கு வீட்டில இருந்திருக்கும். நீங்கள்தான் ஏத்தி விட்டனீங்கள்.”

“அந்தப் பிள்ளை பூட்டின லைற்றுக்குக் கீழதான் நீங்கள் இரண்டு மாசமாப் படிப்பிக்கிறியள்,” என்றார் சரோஜினிதேவி. “இனி என்னை அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ.”

பின்னேரம் வகுப்பு தொடங்கிய பிறகு அவர் மறுபடியும் போனார். கேட்காமல் உள்ளே நுழைந்து கரும்பலகைக்கு முன்னால் நின்றார். மாஸ்ரர் கையில் சோக்கோடு அப்படியே நின்றார். சரோஜினிதேவி மேடையில் பேசிப் பழகியவரல்ல. இமெல்டாவைப் பொலிஸ் பிடித்திருக்கிறது, அவள் இந்த வகுப்பில் இருந்தவள் என்று ஒருவர் வந்து சொன்னால் விடுவார்கள், உங்களுடைய மாஸ்ரர் மாட்டேன் என்கிறார், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். வாங்குகள் அசையவில்லை. கோஷ்டி நித்திரை என்று சிரித்தவன் குனிந்து கொப்பியைப் பார்த்தான். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பொலிஸ் நிலையத்துக்குத் தானாக நடந்து போகும் தமிழ்ப் பிள்ளைக்குத் திரும்பி வருவது நிச்சயமில்லை.

நடுவாங்கில் ஷபீகா எழும்பினாள். வாப்பாவிடம் கேட்க வேண்டும் என்றாள்.

அவளுடைய தகப்பன் மஷூருக்குக் காலி வீதியில் சாய்ப்புக் கடை. சரோஜினிதேவி விடயத்தைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

“அந்தப் புள்ள ஒனக்குப் பக்கத்தில இருந்து படிச்சதா?”

“பக்கத்தில இருக்க எங்க விட்டாங்க வாப்பா? வெளிய மெசினோட இருந்தா. ஆனா என்னை விட நல்லா கணக்குச் செய்வா.”

“அப்ப அதப் போய்ச் சொல்லு. நானும் வாறன். தனிய அனுப்ப ஏலா.”

மஷூர் கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு, போகிற வழியில் தனக்குத் தெரிந்த ஒரு சிங்கள முதலாளியையும் ஏற்றிக்கொண்டார். பொலிஸில் ஷபீகா சிங்களத்தில் வாக்குமூலம் கொடுத்தாள். என்ன படித்தோம், எந்தப் பாடத்தில் எது வரைக்கும் போனோம், ஜெனரேற்றரை யார் வைத்திருக்கச் சொன்னது, ஏன் இமெல்டாவிடம் கார்ட் இல்லை. கடைசிக் கேள்விக்கு அவள் சொன்ன பதிலை அதிகாரி எழுதவில்லை. அவளிடம் காசு இல்லை, அதனால்தான் என்று சொன்னாள். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, காலையிலிருந்து அங்கேயே நின்ற பேதுருவைப் பார்த்தார். மறுநாள் விட்டார்கள். மீற்றரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது நிலையத்துச் சாமான் என்று சரோஜினிதேவி பிறகு பல தடவை எழுதிப் போட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

இமெல்டா வீங்கிய முகத்தோடு பரீட்சைக்குப் போனாள். பொலிஸில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. சரோஜினிதேவி கேட்கவில்லை. எல்லா வினாத்தாளுக்கும் மண்டப வாசல் வரைக்கும் கூடப் போனார், முடியும் வரைக்கும் மதிலோரம் நின்றார். நிலையத்தில் அந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள்.

அடுத்த வருடம் பெறுபேறு வந்தது. இமெல்டாவுக்கு மூன்று ஏ, ஒரு பீ. பொறியியலுக்கு அது போதும்.

அந்தக் கிழமையே காலி வீதி மதில்களில் தில்லைநாதன் மாஸ்ரரின் சுவரொட்டி ஏறியது. எமது வகுப்பின் சாதனையாளர்கள் என்று மேலே பெரிதாக. கீழே முகங்கள். இரண்டாவது வரிசையில் இமெல்டா. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் அதே விளம்பரம். மாஸ்ரரின் ஆள் கொச்சிக்கடைக்குப் போய்ப் படம் கேட்டிருக்கிறான். பேதுருவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டிலிருந்த நல்ல படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். பத்திரிகை வந்ததும் வாங்கிக்கொண்டு போய்க் களஞ்சியத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். மற்றப் படங்களுக்குக் கீழே பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. இமெல்டாவின் படத்துக்குக் கீழே கொழும்பு என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

சரோஜினிதேவி சுவரொட்டியைக் கிழிக்கத்தான் வெளிக்கிட்டார். மறித்தது இமெல்டா.

“விடுங்க மிஸ். நான் அந்தப் பேப்பர வெட்டிப் பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கேன். செக் பொயின்ற்ல ஐடென்ரிற்றிக் கார்ட்ட பாக்கிறதே இல்ல. இதக் காட்டினா போன்னு விட்டுர்றாங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் இருந்தவள் என்ற ஒரு கடதாசியை உரிய நேரத்தில் கையில் கொடுத்திருந்தால் இந்தப் பிள்ளை அந்த அறைக்குள் ஓர் இரவும் இருந்திருக்க மாட்டாள். கொடுக்காதவன் இப்போது அதை அச்சடித்து மதில் மதிலாக ஒட்டுகிறான். அதைத் தன் உயிருக்குக் காவல் என்று பிள்ளை சுமந்து திரிகிறாள். கிழித்தால் யாருக்கு நட்டம்?

அவர் கிழிக்கவில்லை. புதிய வகுப்புக்குப் பதிவும் முதல் பாடமும் நடக்கும் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தார்.

அன்று ரியூட்டரி நிறையத் தாய் தகப்பன்மார். சுவரில் அந்தச் சுவரொட்டி. அதற்குக் கீழே மேசை போட்டு மாஸ்ரர் தானே இருந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சரோஜினிதேவி கொட்டாஞ்சேனையிலிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்று, தன்னுடைய முறை வந்ததும் சுவரைக் காட்டினார். குரல் உயரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“இந்தப் பிள்ளை உங்கட மாணவியோ, இல்லையோ?”

மாஸ்ரர் உள்ளே வந்து கதைப்போம் என்றார்.

“இல்லை, இங்கேயே சொல்லுங்கோ. ஓம் எண்டால், பொலிஸ் கேட்ட நேரம் நீங்கள் சொன்னது பொய். இல்லை எண்டால், இந்தச் சுவர் பொய். எது பொய் எண்டு இந்த அம்மாமாருக்குத் தெரிய வேணும். அவையும் பிள்ளையளைத்தானே உங்களிட்ட விடப் போகினம்.”

வரிசையில் நின்ற ஒரு தாய் என்ன சங்கதி என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். பொலிஸ் என்ற சொல் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்ரரின் கழுத்து சிவந்தது. அவர் மேசை லாச்சியைத் திறந்து நாலு கார்ட்டுகளை எடுத்தார். பெயர்களைக் கேட்டு எழுதினார். கார்ட்டை நீட்டியபோது சரோஜினிதேவி வாங்கவில்லை, ரெஜிஸ்ரரிலும் எழுதச் சொன்னார். மாஸ்ரர் அதைப் பிரித்தார். ஜெனரேற்றர் வேலைக்கு ஆள் தேவையில்லைத்தானே என்றும் சரோஜினிதேவி அப்போதே கேட்டு, தேவையில்லை என்று வாயால் சொல்ல வைத்தார்.

“பாடசாலை எண்ட இடத்தில என்ன போட?” மாஸ்ரர் தலை நிமிராமல் கேட்டார்.

“தொழிற்பயிற்சி நிலையம் எண்டு போடுங்கோ. முழுசா எழுதுங்கோ. நாலு பேருக்கும்.”

எழுதி முடியும் வரைக்கும் அவர் மேசையை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நாலாவது பெயருக்கு எதிரேயும் முழுதாக எழுதியாயிற்று என்று பார்த்த பிறகு கார்ட்டுகளை வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, உள்ளே போங்கோ என்றார். நாலு பேரும் யாரும் சொல்லாமலே கடைசி வாங்கைப் பார்த்துப் போனார்கள். சரோஜினிதேவி வாசலில் நின்றபடியே கூப்பிட்டு அவர்களை முன்னுக்கு இருக்கச் சொன்னார்.